பேணும் கை: மோட்டார் சைக்கிள் வரலாறு கற்பிக்கும் பாடம்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அதற்கு உரிமையாளர் ஆகிறார். அதைப் பேணும் முறையை அறிந்தவரே அதனை ஆள்பவர் ஆகிறார். இவ்விரு நிலைகளுக்கும் உள்ள வேற்றுமையை விளக்குவதற்கு மோட்டார் சைக்கிளின் வரலாற்றைக் காட்டிலும் ஏற்ற சான்று வேறொன்று இல்லை எனலாம்.

அண்மையில் ஒரு நாள் காலை, எம் பள்ளியின் வாயிலில் ஒரு தந்தையார் தம் பிள்ளைகள் இருவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். பின்சக்கரத்து டயர் வரியே தெரியாமல் தேய்ந்திருந்தது. செயின் தொய்ந்து, உறையில் இடித்து ஓசை எழுப்பிற்று. “செயினைக் கொஞ்சம் இறுக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “ஓடுதுதானே சார், அப்புறம் என்ன?” என்று சிரித்துக்கொண்டே புறப்பட்டுவிட்டார். அவரைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவர் கூறிய அந்தச் சிறு விடைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இயந்திரம் என்பது நாம் கவனியாவிட்டாலும் ஓடும் என்னும் நம்பிக்கை மக்களுக்கு எப்பொழுது வந்தது? அதனை யார் தந்தார்கள்? அந்த நம்பிக்கை எதுவரை செல்லும்? இவற்றையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தொடக்கமும் துப்பாக்கியும்

1885ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மைபாக் என்னும் இருவர் மரச்சட்டத்தில் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். அதன் ஆற்றல் ஏறத்தாழ அரைக் குதிரைத்திறனே. விற்பனைக்கெனத் தொகையாகச் செய்யப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள் 1894இல் மியூனிக் நகரில் வெளிவந்தது. ஆயினும், இத்தொழிலை வளர்த்துப் பெருக்கிய பெருமை ஆங்கிலேயருக்கே உரியது. ட்ரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் முதலிய பெயர்களை ஒரு காலத்தில் உலகம் முழுவதும் அறிந்திருந்தது.

அவற்றுள் ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரைச் சற்று விரிவாகக் காண்பது நம் பொருளுக்கு இன்றியமையாதது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊர் தையல் ஊசி செய்வதில் பேர்பெற்றது. அங்கு ஊசி செய்துவந்த ஒரு நிறுவனம் காலப்போக்கில் சைக்கிள் தொழிலில் இறங்கிற்று. 1890களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்போர் அதனை ஏற்று நடத்தினர். என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகளைச் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வழியே ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரும், துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது என்னும் விளம்பர வாசகமும் தோன்றின. முதல் மோட்டார் சைக்கிளை அவர்கள் 1901இல் செய்தனர். ‘புல்லட்’ என்னும் பெயர் 1932இல் வழங்கலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பின்சக்கரத்திற்கும் அதிர்வு தாங்கும் அமைப்பைப் பெற்ற புதிய புல்லட் உருவாயிற்று. அதன் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர்; சிலிண்டரின் விட்டமோ 70 மில்லிமீட்டர். நீண்ட ஓட்டமுடைய இத்தகைய எஞ்சின் மிக விரைந்து சுழலாது. ஆனால் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுப்பு இருக்கும். அதன் ஓசை விட்டுவிட்டுக் கேட்பதன் காரணம் இதுவே.

உரிமையாளரே மெக்கானிக்காக இருந்த காலம்

பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவது ஒரு கலை. வேகமாக மிதித்தால் போதும் என்று எண்ணுபவரின் காலை அது திருப்பி உதைக்கும். முதலில் கைப்பிடிக்கு அருகிலுள்ள சிறிய நெம்பை இழுத்தால் புகை வெளியேறும் வால்வு சற்றே திறந்து, சிலிண்டரின் உள்ளே உள்ள அழுத்தம் தளரும். பின்னர் கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே முன்னாலுள்ள அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் அசைந்து நடுவே வந்து நிற்கும்போது பிஸ்டன் ஏறத்தாழ மேல் எல்லையை அடைந்துவிட்டது என்று பொருள். நெம்பை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழுவதும் மிதித்தால் எஞ்சின் உயிர்பெறும். வண்டியைக் கிளப்புகிறவருக்குப் பிஸ்டன் இப்பொழுது எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் அதனை ஓட்ட இயலாது.

ஓட்டத் தொடங்கிய பின்னரும் கடமை முடிவதில்லை. மின்பொறி எழுப்பும் பாயின்டுகளின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்குமாறு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். வால்வுகளைத் தள்ளும் தண்டுகளைச் சரியாக இழுத்துவைக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் நுனி என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து, பெட்ரோல் மிகுதியா காற்று மிகுதியா என அறிய வேண்டும். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. அக்காலத்து ஆங்கில வண்டிகள் பல நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு இட்டுச் செல்வது வழக்கம். உரிமையாளர்கள் அதனைப் பெரும் குறையாகக் கருதவில்லை. எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்வதும் ஓட்டுவதன் ஒரு பகுதியே என எண்ணினர்.

ஆகவே, அக்காலத்து வண்டியில் பாதிப் பொறுப்பு தொழிற்சாலையினுடையது, மறுபாதி வாங்கியவருடையது. ஆங்கிலத் தொழிலதிபர்கள் இந்தப் பங்கீட்டை இயற்கையின் விதி என்றே கொண்டுவிட்டனர். அவர்கள் வீழ்ச்சியின் வித்து இங்கேதான் இருந்தது.

ஜப்பானியர் வகுத்த புதுவழி

ஜப்பானியர் மலிவு விலையால் ஆங்கிலேயரை வென்றனர் என்பது பலரும் கூறும் கூற்று. அது முழு உண்மை ஆகாது. விலை ஒரு காரணமே. அவர்கள் செய்த பெரும்புரட்சி யாதெனில், வாங்கியவரின் தலையில் இருந்த சுமையைத் தம் தலைக்கு மாற்றிக்கொண்டதே ஆகும்.

சோய்ச்சிரோ ஹோண்டா 1906இல் பிறந்தவர். போரில் நொறுங்கிய ஜப்பானில், 1946ஆம் ஆண்டில், படையினர் பயன்படுத்திய சிறு எஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1948இல் தம் பெயரால் நிறுவனம் கண்டார். அடுத்த ஆண்டில் தக்கேயோ புஜிசாவா வந்து சேர்ந்தார். ஒருவர் இயந்திரம் அறிந்தவர். மற்றவர் மக்கள் மனம் அறிந்தவர். 1956இல் இருவரும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினர். உணவுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட இலக்கு.

அந்த இலக்கின் விளைவாக 1958 ஆகஸ்டில் சூப்பர் கப் வெளிவந்தது. 49 கன சென்டிமீட்டர் எஞ்சின் நான்கரைக் குதிரைத்திறனைத் தந்தது. இடக்கையால் அழுத்தவேண்டிய கிளட்ச் இல்லை. எஞ்சின் சுழலும் வேகத்தைக் கொண்டே கிளட்ச் தானாகப் பற்றிக்கொள்ளும். செயின் முழுவதும் உறைக்குள் அடங்கியிருந்ததால் சேறும் மணலும் அதனை அணுகவில்லை. காலுக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் தடுப்பு மழைநீரையும் காற்றையும் மறைத்தது. காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரலாம் என்பதால் சேலையும் சாரோங்கும் அணிந்த பெண்டிரும் ஓட்டலாயினர்.

புதிய கிளட்ச் முதலில் குறையின்றி அமையவில்லை. அது வழுக்குவதாகப் புகார்கள் வந்தன. அப்பொழுது ஹோண்டா நிறுவனத்தின் விற்பனையாளரும் தொழிலாளரும் தம் விடுமுறை நாட்களைத் துறந்து, வாங்கியவர்களின் வீடு தேடிச் சென்று பழுதுநீக்கித் தந்தனர். இந்த நிகழ்ச்சியை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. பழுது பார்ப்பது செய்தவரின் கடமை என்னும் கொள்கை இங்கே செயல்வடிவம் பெற்றது. 2017ஆம் ஆண்டில் அக்குடும்பத்து வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியை எட்டியது. எஞ்சின் பூட்டிய வாகனம் வேறெதுவும் இத்தொகையை எட்டவில்லை.

பினாங்கில் தொடங்கிய கதை

இவ்வண்டி நம் மண்ணுக்கு வந்த கதையும் கேட்கத்தக்கதே. சீனத்தின் பூஜியான் மாநிலத்தில் 1915இல் பிறந்த லோ பூன் சியூ, சிறுவனாகப் பினாங்கு வந்து, பேருந்துப் பட்டறையில் உழைத்து மெக்கானிக்காக உயர்ந்தவர். 1958இல் ஜப்பான் சென்றபொழுது இச்சிறு வண்டியைக் கண்டார். கண்டதும் அதன் சிறப்பு அவருக்குப் புலப்பட்டது. மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றுவந்தார். பட்டறையில் கைகறுக்க உழைத்தவர் ஆதலின், எந்த இயந்திரம் மக்களுக்குத் தொல்லை தராது என்பதை அறிந்திருந்தார் போலும்.

‘கப்’ என்னும் வண்டிப் பெயரோடு, சிறியது என்னும் பொருள்தரும் சீன ஒட்டு சேர்ந்து ‘கப்சாய்’ என்னும் சொல் பிறந்தது என்பர். இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே பெயர். 1996இல் கெடா மாநிலத்துக் குருனில் மோடெனாஸ் நிறுவனம் செய்து வெளியிட்ட கிரிஸ் வண்டியும் அந்த வகையினதே. தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிளை மிதித்துச் சென்ற நம்மவர்க்கு, பட்டணத்து மருத்துவமனையும் சந்தையும் இடைநிலைப் பள்ளியும் இவ்வண்டியாலேயே எட்டும் தொலைவுக்கு வந்தன. இந்த நன்மையை மறந்து பழைய இயந்திரத்தின் பெருமையை மட்டும் பாடுதல் நடுநிலைமை ஆகாது.

ஆங்கிலத் தொழில் வீழ்ந்த விதம்

இனி ஆங்கில நாட்டைப் பார்ப்போம். ட்ரையம்ப் நிறுவனத்தின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் எட்வர்டு டர்னர் 1960இல் ஜப்பானியத் தொழிற்சாலைகளை நேரில் கண்டு, எச்சரிக்கையோடு திரும்பினார். எனினும் சிறிய வண்டிகளை ஜப்பானியர் செய்யட்டும், பெரிய வண்டிகள் நம்முடையவை என்று ஆங்கில நிறுவனங்கள் ஆறுதல் கொண்டன. சிறிய வண்டியில் பழகிய இளைஞர் பெரிய வண்டி வாங்கும் நாளில் தமக்கு நன்மை செய்த பெயரையே நாடுவர் என்பதை உணர்ந்தாரில்லை.

1969இல் ஹோண்டா நான்கு சிலிண்டர் உடைய 750 கன சென்டிமீட்டர் வகை வண்டியை வெளியிட்டது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். எண்ணெய் ஒழுக்கு இல்லை. ஆங்கிலேயர் தமக்கே உரியது என்று கருதிய களமும் பறிபோயிற்று. 1973இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் நொடித்து, அரசின் துணையோடு நார்ட்டனுடன் இணைக்கப்பட்டது. ட்ரையம்பின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் முற்றுகையிட்டுக் கூட்டுறவாக நடத்தியும் 1983இல் அதுவும் மூடப்பட்டது. 1975இல் ஆங்கில அரசுக்கு அளிக்கப்பட்ட ஓர் ஆய்வறிக்கை, சந்தையின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் பின்வாங்கிக்கொண்டே வந்ததுதான் இவர்களின் அழிவுக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டிற்று. ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் தொழிற்சாலை 1967இலேயே மூடப்பட்டுவிட்டது. 1970இல் அந்நிறுவனத்தின் ஆங்கில வாழ்வு முடிவுற்றது.

திருவொற்றியூரில் வாழ்ந்த புல்லட்

தாய்நாட்டில் மாண்ட புல்லட் தமிழ்நாட்டில் மாளவில்லை. இது வரலாற்றில் வியப்பானதொரு திருப்பம். எல்லைக் காவலுக்கு வலிமையான வண்டி வேண்டும் என்று இந்தியப் படைத்துறை 1950களில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் பயனாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பொருத்தப்பட்டன. 1957இல் உறுப்புகளைச் செய்யும் கருவிகளும் வந்துசேர்ந்தன. 1962இல் எல்லா உறுப்புகளும் இந்தியாவிலேயே உருவாயின. 1977இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று. பிறந்த நாட்டிற்கு அது அயல்நாட்டுச் சரக்காய்த் திரும்பிற்று!

இஃது எவ்வாறு இயன்றது? இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அந்நாட்டில் போட்டி குறைவு என்பது ஒரு காரணம். படையும் காவல்துறையும் தொடர்ந்து வாங்கின என்பது மற்றொன்று. மூன்றாவது காரணம் தொழிற்சாலைக்கு வெளியே இருந்தது. ஊர்தோறும் மரத்தடியில் பட்டறை வைத்த மெக்கானிக்குகள் புல்லட்டைத் தம் கைரேகையைப் போல் அறிந்திருந்தனர். பல ஆண்டுகளாக வடிவம் பெரிதும் மாறாமையால், குருவிடம் கற்ற வேலை சீடனுக்கும் பயன்பட்டது. பழைய வண்டிக்குப் புதிய உறுப்பும் பெரும்பாலும் பொருந்திற்று. ஆங்கில நாட்டில் எந்தக் குணம் அழிவைத் தந்ததோ அதே குணம், பேணும் கைகள் மலிந்த நாட்டில் வாழ்வைத் தந்தது.

ஆயினும் அந்த வாழ்வும் நிலைக்கவில்லை. 1985இல் ஹீரோ ஹோண்டா நிறுவனத்தின் 100 கன சென்டிமீட்டர் வண்டி இந்தியாவிற்கு வந்தது. பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்பதே அதன் விளம்பரத்தின் கருத்து. மறந்துவிடு என்னும் அந்த அழைப்பை மக்கள் மகிழ்ந்து ஏற்றனர். புல்லட் விற்பனை சரிந்தது. 1994இல் ஐஷர் நிறுவனம் என்ஃபீல்டை ஏற்றது. 2000ஆம் ஆண்டில் இளைஞராய்ப் பொறுப்பேற்ற சித்தார்த்த லால், புறத்தோற்றத்தைக் காத்து உள்ளுறுப்பை மாற்றும் வழியில் சென்றார். 2009 முதல் புதிய எஞ்சின் இந்தியச் சாலைகளுக்கு வந்தது. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு அமைப்பும், பொத்தானால் கிளப்பும் வசதியும் நாளடைவில் வழக்கமாயின. பழைய தோற்றத்தில் ஜப்பானியக் கொள்கையே குடிபுகுந்தது. அதனாலன்றோ ராயல் என்ஃபீல்டு இன்று உலகெங்கும் விற்பனையாகிறது!

மறதியின் எல்லை

புதிய வண்டியிலும் தொழிற்சாலை ஏற்றுக்கொள்ள இயலாத பொறுப்புகள் சில எஞ்சி நிற்கின்றன. பழைய வண்டியைப் பேணாவிட்டால் அது கிளம்ப மறுத்து, வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். அந்த மறுப்பே ஓர் எச்சரிக்கை. புதிய வண்டியோ எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஓடும். டயர் தேய்ந்தாலும் ஓடும். பிரேக் தேய்ந்தாலும் ஓடும். நிற்கவேண்டிய இடத்தில்தான் நிற்காது. பள்ளி வாயிலில் நான் கேட்ட விடைக்கு வரலாறு தரும் மறுமொழி இதுவே.

கப்சாயின் எஞ்சினில் உள்ள எண்ணெய் பொதுவாக ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்தச் சிறிதளவு எண்ணெயே நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழலும் உறுப்புகளைக் காக்கிறது. அதனைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் எஞ்சின் தேயும். இழப்பு பணத்தோடு போகும். செயினும் டயரும் பிரேக்கும் அப்படிப்பட்டவை அல்ல. செயின் மேலும் கீழும் 2 அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் இறுக்க வேண்டும். அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் வண்டி கவிழும். பின்பிரேக் நெம்பின் அருகே தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி பல வண்டிகளில் உண்டு. அதனைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் விதி 1973இல் வந்தது. கோலாலம்பூர், கிள்ளான் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிவழி 1970களில் அமைந்தது. இருந்தும், சாலை விபத்தில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. விபத்து அனைத்தும் பேணாமையால் வருவன அல்ல; வேகமும் பெரிய வாகனங்களும் இருளும் மழையும் உண்டு. ஆனால் நம் கையில் உள்ளது எதுவோ அதையேனும் நாம் செய்தோமா என்று கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுத்து இதனை முடிக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை கால் மணி நேரம் போதும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்துங்கள். டயரின் காற்றையும் வரிகளையும், செயினின் தொய்வையும், இரு பிரேக்குகளையும், எண்ணெயின் அளவையும், முன்னும் பின்னும் உள்ள விளக்குகளையும், தலைக்கவசத்தின் வாரையும் பாருங்கள். அவ்வேளையில் உங்கள் பிள்ளையை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். செயினைச் சுழற்றவும், காற்றை அளக்கவும் அவன் கையிலேயே கொடுங்கள்; மகளாயினும் அவ்வாறே செய்யுங்கள். சில ஆண்டுகளில் அவர்கள்தாம் அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள். ஓட்டக் கற்குமுன் பேணக் கற்ற பிள்ளை, “ஓடுதுதானே” என்று சொல்லாது; “நிற்குமா?” என்று முதலில் பார்க்கும்.